மேஜருக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைகள்

“ஹிடி!”

விஜி அந்த வார்த்தையைக் கேட்டபோது அவள் கண் நாயின் மீது இல்லை. சமையலறை வாசலில் சுருண்டு கிடந்த லாவண்யாவின் மீது இருந்தது. லாவண்யாவின் முகத்தில் பாதி ஃபேஷியல் க்ரீம், பாதி ரத்தம்.

சற்று முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆப்பில் புக்கிங் வந்தது. விவேக் நகரிலிருந்து ஸ்கூட்டியில் பிரேசர் டவுனுக்கு வந்தாள் விஜி. பியூட்டீஷியன். வீடு வீடாகப் போய் ஃபேஷியல், த்ரெட்டிங் செய்கிறவள். அந்த வீட்டு அம்மாளான லாவண்யாவை நாற்காலியில் சாய்த்து, முகத்தில் க்ரீம் தடவிக்கொண்டிருந்தபோது கணவன் சுஹாஸ் உள்ளே வந்தான்.

சுஹாஸுக்குத் தண்ணீர் டேங்கர் தொழில். அவன் டேங்கர் போகும் தெருவில் வேறு டேங்கர் போகாது. போனால் கண்ணாடி இருக்காது. நாலு தலைமுறையாகப் பெங்களூர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், நாயிடமும் கன்னடம்.

“போன எங்க வெச்ச?” என்றுதான் கேட்டான். லாவண்யா பதில் சொல்வதற்குள் முடியைப் பிடித்து நாற்காலியோடு இழுத்தான். கிரானைட் மேடையில் தலை மோதிய சத்தம், கோயில் வாசலில் சிதறுகாய் உடைந்த மாதிரி கேட்டது.

விஜி தன் கைபேசியை எடுத்தாள், போலீசைக் கூப்பிட. சுஹாஸ் அதைப் பார்த்தான். கத்தவில்லை. வராண்டா பக்கம் திரும்பி விரலைச் சொடுக்கினான்.

“ஹிடி!”

ஹிடி என்றால் கன்னடத்தில் பிடி.

கறுப்பு ராட்வீலர். பெயர் மேஜர். குரைக்கவே இல்லை. விஜி முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே பல் இறங்கி எலும்பில் போய் நின்றது. பிறகு அது தலையை உலுக்க ஆரம்பித்தது. ஈரத் துணியை உதறுவதுபோல அவளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறியது. சுவரில் ரத்தம் தெறித்தது. கைபேசி எங்கோ விழுந்தது.

நாயைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர் சீனு ஓடி வந்தான். இரண்டு கையாலும் அதன் தாடையைப் பிளக்கப் பார்த்தான். முடியவில்லை.

“ஸார்! சொல்லுங்க ஸார்! நீங்க சொன்னாத்தான் விடும்!”

சுஹாஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். விஜியின் கைபேசியைக் குதிகாலால் மிதித்து நொறுக்கினான்.

“இருடா. கொஞ்சம் கத்துக்கட்டும்.”

விஜி கத்துவதை நிறுத்தி முனக ஆரம்பித்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.

“பிடு.”

பிடு என்றால் விடு. குழாயை மூடியதுபோல நாய் நின்றது. அவள் கையை விட்டுவிட்டு அவன் காலடியில் போய் உட்கார்ந்து, வாயை நக்கிக்கொண்டது.

* * *

ஒக்கலிபுரத்தில் பஞ்சர் கடைக்கு மேலே அட்வகேட் சங்கமித்ராவின் ஆபீஸ். சுவரில் புத்தர், அம்பேத்கர், ஒரு ரயில்வே காலண்டர். பின்னால் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் மூன்றும் சேர்ந்து ஆடும்.

சங்கமித்ராவுக்கு ஒரு பழக்கம். புதுக் கட்சிக்காரர் யார் வந்தாலும் ஸ்டாண்டில் கைபேசியை மாட்டி, முதல் பேச்சை வீடியோ எடுத்துவிடுவாள். “நாளைக்கு உங்களையே மெரட்டி மாத்திப் பேச வைப்பாங்க. அன்னிக்கு உங்களுக்கே இதப் போட்டுக் காட்டணும்,” என்பாள்.

விஜி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வலது கை முழுக்கக் கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

“ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க?”

“நரம்பு அறுந்திருக்காம் மேடம். ஊசியெல்லாம் போட்டாங்க. ஆனா கட்டை வெரலும் இந்த வெரலும் சேர மாட்டேங்குது. நூலப் புடிக்க முடியாது. நூலப் புடிக்காம த்ரெட்டிங் எப்பிடி?”

“போலீஸ்?”

விஜி சிரித்தாள். அழுகைக்கு ஒரு படி முன்னால் வருகிற சிரிப்பு.

“தெருநாய் கடின்னு எழுதிட்டாங்க. கார்ப்பரேஷன்ல போய்ச் சொல்லும்மான்னாங்க. லாவண்யா மேடமும் தெருநாய்தான்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுலதான படுத்து எந்திரிக்கணும்?”

“அவ்வளவுதானா?”

“இல்ல. நான் செயினத் திருடிட்டு ஓடுனேனாம். ஓடும்போது தெருநாய் கடிச்சிச்சாம். சுஹாஸ் கம்ப்ளைண்ட் குடுத்திருக்கான். நாளைக்குக் காலையில ஸ்டேஷன் வரணுமாம். நான் லாயரப் பாத்துட்டு வர்றேன்னு ஒக்கலிபுரம் பேரச் சொல்லிட்டு வந்துட்டேன். மேடம், கையும் போயி, திருடின்னு உள்ளயும் போகணுமா?”

சங்கமித்ரா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

“இங்க பாரு விஜி. நாயக் கட்டாம விட்டான், அது கடிச்சுதுன்னா கவனக்குறைவு. சின்ன கேஸ். ஆனா ஏவி விட்டான்னா கதையே வேற. கத்தியால குத்துறது, ஆசிட் ஊத்துறது, வெடி வெக்கிறது, இதெல்லாம் இருக்கிற அதே செக்‌ஷன்ல மிருகத்தால கொடுங்காயம் பண்றதும் இருக்கு. ஆயுள் வரைக்கும் போகலாம். நாய் அங்க நாய் இல்ல. ஆயுதம்.”

“அப்ப போடுங்க மேடம்!”

“போடலாம். அது அவன் நாய்னு காட்டணும். அவன் சொன்னாக் கேக்கும்னு காட்டணும். லைசென்ஸ் எடுத்திருக்க மாட்டான். போட்டோ இருந்தா இந்நேரம் அழிச்சிருப்பான். வீட்டுக்குள்ள நடந்தது. பார்த்த பொண்டாட்டி மாத்திப் பேசிட்டா.” சங்கமித்ரா பேனாவை மேஜையில் தட்டினாள். “எனக்கு அந்த நாய் வேணும். உயிரோட. கத்தியத் தொடச்சு வெக்கலாம், நாயத் தொடைக்க முடியாது. அதனால கொன்னு பொதைச்சிருப்பான்.”

“அது செத்தா எனக்கு நிம்மதின்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம்.”

“அது செத்தா நீ திருடி.”

கீழே ஹார்ன் அடித்தது. தொடர்ந்து பஞ்சர் கடைக்காரர் சந்தானத்தின் குரல், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“ஏம்மா லாயரு! இங்க ஒருத்தன் கரடியக் கொண்ணாந்து என் கடை முன்னாடி நிறுத்திட்டு ஒன்ன கேக்குறான்!”

* * *

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குட்டியானை வண்டி. பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே சங்கிலியோடு மேஜர் படுத்திருந்தது. விஜி ஜன்னலை விட்டுப் பின்வாங்கி, சுவரில் முதுகு ஒட்ட நின்றுகொண்டாள்.

படியேறி வந்தவன் சீனு.

“அக்கா, பயப்படாதீங்க. கட்டித்தான் வெச்சிருக்கேன். நீங்க ஒக்கலிபுரம் லாயர்கிட்ட போயிருக்கீங்கன்னு ஓனர் போன்ல பேசுனாரு, அதக் கேட்டுத்தான் வந்தேன்.” பிறகு சங்கமித்ராவைப் பார்த்துக் கும்பிட்டான். “மேடம், இந்த நாய ஒரு வாரத்துக்கு எங்கனா பத்திரமா வெக்கணும். சோறு நான் போட்டுடுறேன்.”

“இது என்ன லாட்ஜா?”

“ஓனர் அத அடிச்சுக் கொன்னு ஹொசக்கோட்டைப் பக்கம் பொதைச்சுட்டு வாடான்னாரு மேடம். என்னால முடியாது. அது செத்தா நானும் செத்துடுவேன்.”

“அவ்வளவு பாசமா?”

“பாசமா? அந்த சனியன் மேலயா?” சீனு சட்டைக் கையைச் சுருட்டினான். முன்கையில் நான்கு துளைகள். சுற்றிலும் மஞ்சளும் ஏதோ பச்சிலையும் காய்ந்து கிடந்தன. தோல் வீங்கிப் பளபளத்தது. “அன்னிக்கு அக்காவ விடுவிக்க வாயப் பொளந்தேன்ல. எனக்கும் ஏத்திடுச்சு.”

“ஊசி போட்டியா?”

“ஆஸ்பத்திரிக்குப் போனா எந்த நாய், யார் வூட்டு நாய்னு கேப்பாங்க, போவாதன்னாரு ஓனர். குடியாத்தத்துல எங்க மாமனாருக்குத் தெரிஞ்சவர் ஒருத்தரு வேர் குடுத்து மந்திரிச்சாரு. உப்பு, புளி இல்லாம பத்தியம். கடிச்ச நாய் பத்து நாள் நல்லா இருந்தா நீயும் நல்லா இருப்ப, நடுவுல அது செத்தா நீயும் போயிடுவன்னு சொல்லி அனுப்புனாரு. ஓனர் கைல கடப்பாறையக் குடுக்குறாரு மேடம். எம் பொணத்த நானே எப்பிடி மேடம் பொதைப்பேன்?”

சங்கமித்ரா அவன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“முட்டாளே! நாயப் பத்து நாள் பார்க்கணும்னு சொல்றது அதுக்கு வெறி இருக்கான்னு தெரிஞ்சுக்க. அது செத்தா நீ சாவ மாட்ட. ஊசி போடலன்னாதான் சாவ! மொதல்ல உன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்.”

“அதெல்லாம் அப்பறம் மேடம். நாய் மொதல்ல.”

அந்த முட்டாள்தனத்தை நினைத்து அவளுக்கு ஒருபக்கம் எரிச்சல், ஒருபக்கம் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. பெங்களூரில் எந்தப் படித்த டிரைவராக இருந்தாலும் நாய் இந்நேரம் குழிக்குள் கிடக்கும். சட்டென்று அவள் முகம் மாறியது.

“சீனு, அந்த வண்டி யாருது?”

“ஓனருதுதான்.”

“அதுல ஜி.பி.எஸ். இருக்கா?”

சீனு தலையைச் சொறிந்தான். கை அப்படியே நின்றது.

“அய்யோ.”

கீழே ஜீப் பிரேக் போட்ட சத்தம் கேட்டது.

* * *

முதலில் ஏறி வந்தவன் ஹரிஷ். சுஹாஸின் தம்பி. கையில் ஜாக்கி ராடு. வந்த வேகத்தில் சீனுவின் முழங்காலில் ஒரே வீச்சு. காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம். சீனு வாசலிலேயே மடங்கி விழுந்து, படியில் உருண்டு, பாதியில் கம்பியைப் பிடித்துத் தொங்கினான்.

சுஹாஸ் அவனைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. ஸ்டாண்டில் ஓடிக்கொண்டிருந்த கைபேசியைப் பார்த்தான். எடுத்தான். மேஜை விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்தான். கண்ணாடித் தூள் ஃபைல்களின் மீது சிதறியது.

“போன்னாலே எனக்கு அலர்ஜி, மேடம்.”

“ஆபீசுக்குள்ள புகுந்து அடிக்கிறீங்க. நான் யார்னு தெரியும்ல?” சங்கமித்ராவின் குரல் உயரவில்லை.

“வக்கீலு. பெங்களூர்ல டேங்கர விட வக்கீலுங்க ஜாஸ்தி.”

“சரி, கேக்குறேன். கீழ இருக்கிற நாய் உங்களுதா?”

“சே சே. தெருநாய்.”

“தெருநாய்க்காக இவ்வளவு தூரமா?”

சுஹாஸ் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். புத்தர் படம் கோணலானது. “தெருநாயெல்லாம் எனக்குப் பிடிக்காது, மேடம். அதான்.” திரும்பாமலே சொன்னான்: “ஹரி, கீழ போய் முடிச்சிடு. தலையில போடு.”

ஹரிஷ் ராடைச் சுழற்றியபடி இறங்கினான். சுவரோடு சுவராக நின்றிருந்த விஜியை யாரும் கணக்கில் வைக்கவில்லை. ஒரு கை விளங்காதவள்.

கீழே முதல் அடி விழுந்தது. நாய் ஊளையிட்டது. அது செத்தால் நான் திருடி. விஜி ஓடினாள்.

தெருவில் ஹரிஷ் வண்டிமேல் ஏறி நின்று இரண்டாவது அடிக்கு ஓங்கியிருந்தான். மேஜரின் சங்கிலி கம்பியில் கட்டியிருந்தது. ஒரு பக்கக் காது கிழிந்து தொங்கியது. படியிலிருந்து காலை இழுத்துக்கொண்டே வந்து சேர்ந்த சீனு, வண்டியின் பின்கதவு வழியாகக் கையை நீட்டி ஹரிஷின் காலைக் கட்டிக்கொண்டான்.

“அடிக்காத! அது செத்தா நானும் செத்துருவேன்!”

“அப்ப நீயே மொதல்ல சாவுடா!”

ராடு சீனுவின் தோளில் இறங்கியது. பிறகு தலையில். சீனுவின் நெற்றி பிளந்து கண் இரண்டும் ரத்தத்தில் மூழ்கின. பிடியை விடவில்லை. சந்தானம் கடைக்குள்ளிருந்து “டேய்! டேய்!” என்று கத்தினார். மாடிகளிலெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். எல்லார் கையிலும் கைபேசி. யாரும் இறங்கவில்லை.

ராடு மறுபடியும் உயர்ந்தது. இந்த அடி விழுந்தால் சீனு இல்லை.

விஜி வண்டிக்குள் ஏறினாள். மேஜரின் வாய் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதே நாற்றம். அதே பல். அவள் இடது கையை அதன் கழுத்துக்கு அடியில் விட்டுக் கொக்கியைத் தேடினாள். நாய் அவளைப் பார்க்கவே இல்லை. அது ராடையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொக்கி கழன்றது.

மேஜர் பாய்ந்த வேகத்தில் ஹரிஷ் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு ரோட்டில் மல்லாந்து விழுந்தான். ராடு சாக்கடையில் உருண்டது. கழுத்துக்குப் போன வாய் அவன் தாடையை இடித்துத் தோளில் இறங்கியது. கௌவியது. உலுக்கியது.

“அண்ணா! அண்ணா! சொல்லுண்ணா!”

சுஹாஸ் சங்கமித்ராவை உதறிவிட்டு மாடிப்படியின் உச்சிக்கு ஓடி வந்தான். தம்பியைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். மாடியில், ஜன்னலில், பஞ்சர் கடை வாசலில், எங்கு பார்த்தாலும் கைபேசிகள். அத்தனையும் மிதித்து நொறுக்க ஒரு குதிகால் போதாது.

அவன் வாய் திறந்தது. வார்த்தை வரவில்லை.

விஜி வண்டியில் நின்றபடி அவனையே பார்த்தாள். அன்றைக்குக் கதவு நிலையில் சாய்ந்து நின்றவன் இவன்தான். இன்றைக்குச் சாய ஒரு நிலை இல்லை.

“சொல்லுங்க ஸார்,” என்றாள் விஜி. “நீங்க சொன்னாத்தான் விடும்.”

ஹரிஷின் தோளிலிருந்து சதை துணியோடு கிழிந்து வந்தது. நாய் பிடியை மாற்றிக் கழுத்துக்கு இன்னும் கிட்டே கௌவியது.

“பிடு,” என்றான் சுஹாஸ், உதட்டுக்குள். பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்டிருக்காது. அதே நேரத்தில் பின்னால் சரக்கு ரயில் ஒன்று தடதடவென்று நுழைந்தது. தெருவே அதிர்ந்தது. நாய்க்கு எதுவும் கேட்கவில்லை.

“அண்ணா...” ஹரிஷின் குரல் குமிழியாக வந்தது.

சுஹாஸ் படிகளில் தாவி இறங்கினான். ரயிலை மீறி, தொண்டை கிழிய, ஒக்கலிபுரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

“மேஜர்! பிடு! பிடு மேஜர், பிடு!”

நாய் விட்டது.

குழாயை மூடிய மாதிரிதான். தெருவில் அத்தனை பேர் நிற்க, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து போய் சுஹாஸின் காலடியில் உட்கார்ந்தது. வாயை நக்கிக்கொண்டது. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போய் முடிந்தபோது தெருவில் ஹரிஷின் முனகல் மட்டும் மிச்சமிருந்தது.

மாடிப்படியில் சங்கமித்ரா கழுத்தைத் தடவியபடி நின்றாள். கழுத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“பரவால்ல ஸார்,” என்றாள். “தெருநாய்க்கு நல்ல ட்ரெய்னிங் குடுத்திருக்கீங்க.”

சுஹாஸ் விரலைச் சொடுக்கப் போனான். எதற்கு என்று அவனுக்கே தெரிந்திருக்காது, பழக்கம். ஆனால் அதற்குள் சந்தானம் லாரி டயர் கழற்றுகிற நீளக் கம்பியோடு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“சும்னிரு குரு, சும்மா இரு,” என்றார் அமைதியாக. “வெரல மடக்கிக்க. இல்லன்னா கையோட போவும்.”

* * *

ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன. ஹரிஷ் ஒன்றில், சீனு இன்னொன்றில். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது சீனு ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

“மேடம், நாய் உசுரோட இருக்கா?”

“இருக்கு. காதுதான் போச்சு.”

“அப்ப நானும் இருக்கேன்.”

“நீ ஊசி போட்டுக்கிட்டாத்தான்டா இருப்ப!” சங்கமித்ரா நர்ஸிடம் திரும்பினாள். “தலையக் கடைசியாப் பாருங்கன்னு சொல்லல. ஆனா அந்தக் கைய மறந்துடாதீங்க. நாய்க்கடி. ஊசியே போடல.”

விஜி அவளருகே வந்து மெதுவாகக் கேட்டாள். “அக்கா, சங்கிலிய நான்தான் அவுத்தேன். அது தப்பா?”

மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

“ஒரு மனுசன் மண்டையப் பொளக்கிறப்போ தடுக்கிறதுக்குச் சட்டத்துல எடம் இருக்கு. நீ ‘ஹிடி’ன்னு சொன்னியா?”

“இல்ல.”

“அப்ப வாய மூடிட்டு இரு. மத்தத நான் பாத்துக்கிறேன்.”

விஜியின் புகாரைத் தெருநாய்க் கணக்கில் எழுதிய அதே சப்-இன்ஸ்பெக்டர்தான் லோக்கல் போலீசோடு வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே அவருடைய கைபேசிக்கு அந்த வீடியோ மூன்று குரூப்பிலிருந்து வந்திருந்தது. மூன்று கோணத்தில். எல்லாவற்றிலும் ‘பிடு மேஜர்’ தெளிவாகக் கேட்டது.

சுஹாஸைப் போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றியிருந்தார்கள். கம்பி வழியாக எட்டிப் பார்த்துக் கத்தினான்.

“ஸார், அது என் நாயே இல்ல ஸார்! நான் அதப் பார்த்ததே இல்ல!”

பஞ்சர் கடைத் தூணில் கட்டிப்போட்டிருந்த மேஜர் அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்து நின்றது. குட்டையாக வெட்டிவிட்ட வாலை ஆட்ட ஆரம்பித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, விஜியிடம் ஒரு பேப்பரை நீட்டினார்.

“செயின் விஷயத்த விடும்மா, அது ஒண்ணுமில்ல. நீ புதுசா ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடு.”

விஜி கட்டுப் போட்ட வலது கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் நுனிகள் வெளுத்து, ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

“நான் சொல்றேன். நீங்க எழுதுங்க ஸார்.”

அவர் பேனாவைத் திறந்து ஜீப்பின் பானட்டில் பேப்பரை வைத்தார்.

“எங்கேருந்து ஆரம்பிக்கிறது?”

“‘ஹிடி’ன்னு சொன்னான். அதுலேருந்து.”

தூணருகே மேஜரின் ஒற்றைக் காது நிமிர்ந்தது. உடம்பு விறைத்தது. ஆனால் அது விஜியின் பக்கம் திரும்பவில்லை. சொடுக்குகிற விரலுக்காக, ஜீப்பின் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றது.